தோட்டத்துச் சாளையும் விருந்துப் பந்தியும்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்து, நான் திருவுடை களைந்துகொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். "தோட்டத்தை மாத்திக் கட்டிப்போட்டமுங்க சாமி. நீங்க ஒருக்கா வந்து மந்திரிச்சுக் குடுக்கோணுங்க" என்றார். புதுமனை, புது விசைத்தறி, புதிதாக வாங்கிய வண்டி என்று மந்திரிக்கக் கூப்பிடுவது கருமத்தம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் வாரந்தோறும் நடப்பதே. ஆனால் இவர் அழைத்தது வேறொன்றுக்கு. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையம் நடந்த எட்டு ஏக்கர்த் தோட்டத்தை அவருடைய மக்கள் இருவரும் விழா நடத்தும் இடமாகவும், வெளியூரார் வந்து தங்கி ஓய்வெடுக்கும் இடமாகவும் மாற்றியிருந்தார்கள். முகூர்த்த நாள்களில் திருமணம். சனி, ஞாயிறுகளில் கம்பெனி அலுவலர்களின் கூட்டம். இடையில் கேட்கும் செபக் குழுக்களுக்கு மூன்று நாள் தியானம். பெரியவரின் முகத்தில் பெருமையும் இருந்தது. ஏதோ குற்றம் செய்தவரைப் போன்ற ஒரு கூச்சமும் இருந்தது. "தப்பில்லீங்களே சாமி?" என்று வாசற்படியில் நின்று கேட்டார். தப்பில்லை என்று உடனே சொல்லிவிட்டேன். அவ்வளவு விரைவாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்ற எண்ணத்தில் பிறந்ததே இக்கட்டுரை.

கொங்கு நாட்டுத் தோட்டம் எத்தகையது என்பதை வேறு பகுதி வாசகர்களுக்குச் சிறிது சொல்லியாக வேண்டும். காவிரிக் கழிமுகத்தில் உழவர்கள் ஊருக்குள் தெருத்தெருவாகக் கூடி வாழ்வார்கள். வயல் ஊருக்கு வெளியே கிடக்கும். கொங்கில் உழவன் தன் நிலத்தின் நடுவிலேயே சாளை அமைத்துக் குடியிருப்பான். காரணம் தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்த மேட்டு நிலத்துக்கு ஆற்றுப் பாசனம் எட்டவில்லை. பாறையை உடைத்து ஆழக் கிணறு வெட்டினால்தான் வெள்ளாமை. விடியுமுன் மாடு பூட்டி இறைத்தாக வேண்டியவன் கிணற்றங்கரையிலேயே குடியிருந்தான். அந்தக் கிணற்றில் நீர் இறைத்த முறைக்குக் கவலை என்று பெயர். கவலை என்றால் மனத்துயர் என்று மட்டுமே அறிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கவலை ஓட்டியவர்களுக்கு இரண்டு பொருளும் தெரியும். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுச் சால் நிறைந்து மேலே வரும். தோலால் ஆன தும்பி வழியே தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். பிறகு எருதுகள் பின்னோக்கி நடந்து மேட்டுக்கு ஏறும். முன்னால் போவதை எந்த மாடும் செய்யும். பின்னால் நடந்து ஏறப் பழகிய மாடும், பழக்கிய ஆளும் தோட்டத்தின் செல்வங்கள்.

அந்த ஆள் பெரும்பாலும் தோட்டக்காரர் அல்லர், பண்ணையாள். ஆண்டுக்கு இவ்வளவு தானியம் என்று பேசி அமர்த்தப்பட்டவர். அவர் நிலத்துக்காரரைப் 'பண்ணாடி' என்று அழைத்தார். சாளையின் திண்ணை எந்த இடத்தில் முடிகிறது, எந்த இடத்தில் தாம் நிற்க வேண்டும் என்பதை அவர் குழந்தைப் பருவத்திலேயே கற்றிருந்தார்.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் கோவை மாவட்டத்துக் கிணறுகளில் மின்சார மோட்டார்கள் மெல்ல மெல்ல ஏறின. கவலை ஓய்ந்தது. மோட்டார் வலுவாக இழுக்க இழுக்க நீர்மட்டம் கீழே போயிற்று. கிணற்றுக்குள் துளையிட்டார்கள், பிறகு வெளியே ஆயிரம் அடிக்குத் துளையிட்டார்கள். சோமனூரின் விசைத்தறியும் திருப்பூரின் பனியன் ஏற்றுமதியும் ஆள்களை அழைத்துக்கொண்டன. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக இரண்டு மூன்று தலைமுறை காத்திருந்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று அது தொடங்கிவைக்கப்பட்டு, பவானியின் உபரி நீர் 1,045 குளங்குட்டைகளுக்கு வர வழி பிறந்தபோது, பல தோட்டங்கள் ஏற்கெனவே மனைகளாகிவிட்டிருந்தன. ஆகவே அந்தப் பெரியவரின் மக்கள்மீது எனக்குக் குறை இல்லை. நிலத்தை விற்றுவிடாமல், மரங்களை வெட்டாமல், சாளையை இடிக்காமல் காப்பாற்றியிருக்கிறார்களே என்று மகிழத்தான் தோன்றிற்று.

குறித்த நாளில் போனேன். கட்டுத்தரை உணவுக்கூடமாகியிருந்தது. மாட்டுத் தாழிகளில் அல்லிப்பூ மிதந்தது. ஆட்டுக்கல்லும் குந்தாணியும் முற்றத்தில் காட்சிப் பொருள்களாய் நின்றன. கிணற்றின்மேல் கம்பிவலை போட்டு, உள்ளே வண்ண விளக்கு எரியவிட்டிருந்தார்கள். கவலைச் சரிவில் புல் வளர்த்திருந்தார்கள். விருந்துக்கு வந்த வீட்டுக் குழந்தைகள் அதில் சறுக்கி விளையாடின. "இதென்னங்க அங்கிள் சரிவு?" என்று ஒரு சிறுமி கேட்க, மூத்த மகன், "தண்ணி போன வழி கண்ணு" என்றார். அப்போது வாயிற்புறத்தில் காவலாளி உடுப்பில் நின்றிருந்த ஒரு முதியவர், யாரையும் பார்க்காமல், "தண்ணி போன வழி இல்லீங்க, மாடு பின்னால நடந்து ஏறுன வழிங்க" என்றார். பத்து வயதில் அந்தத் தோட்டத்தில் கவலை ஓட்டத் தொடங்கியவராம். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். அங்கே வந்திருந்த எல்லாரிலும் அந்தச் சரிவு எதற்கு என்று அறிந்தவர்கள் பண்ணாடியும் அவரும் மட்டுமே.

மந்திரிப்பு முடிந்தது. பந்தி போட்டார்கள். என்னை முதல் வரிசையில் அமர்த்தினார்கள். அந்த முதியவரும், அதே நிலத்தில் நாற்பது ஆண்டு களை பறித்த அவர் மனைவியும் பந்தியில் அமரவில்லை. எச்சில் இலை எடுத்த பிறகு சமையற்கட்டின் பின்புறம் அவர்களுக்குச் சோறு போனது. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. எனக்கு அது தெரிந்தது. பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன், வாய் திறக்கவில்லை.

வீடு திரும்பியபின், குருமடத்தில் படித்த திருச்சபைத் தந்தையரின் ஏடுகளை எடுத்துப் புரட்டினேன். பண்ணை ஓய்விடமாவது புதிய செய்தி அன்று, திருச்சபைக்கு மிகப் பழக்கமானது என்று எடுத்துக்காட்டி, அந்தப் பெரியவரின் கூச்சத்தைப் போக்கலாம் என்பதே முதலில் என் எண்ணம். எடுத்துக்காட்டுகள் கிடைத்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் அந்தக் காவலாளி வந்து வாயிலில் நின்றார்.

நம்மில் பலருக்கும் தெரிந்தது புனித அகுஸ்தினாரின் கதை. 386-ஆம் ஆண்டு மிலான் நகரில், தோட்டம் ஒன்றில் அவர் மனம் திரும்பினார். திராட்சை அறுவடை விடுமுறை நெருங்கியிருந்தது. பேச்சுக்கலை கற்பிக்கும் பணியை விட்டுவிட முடிவு செய்தார், நெஞ்சுநோவும் இருந்தது. அப்போது வெரெகுந்துசு என்ற நண்பர் கசிசியாக்கம் என்ற இடத்திலிருந்த தம் பண்ணை வீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்தார். இந்த வெரெகுந்துசு அப்போது கிறித்தவர் அல்லர். அவர் மனைவிதான் கிறித்தவர். திருமுழுக்குப் பெறாத ஒருவரின் வீட்டில்தான் திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநர் தம் முதல் தியானத்தைச் செய்தார் என்பதை நாம் அடிக்கடி நினைப்பதில்லை. தாய் மோனிக்கா, மகன் அதெயொதாத்துசு, உடன்பிறந்தவர், உறவினர் இருவர், நண்பர் அலீப்பியுசு, மாணவர் இருவர் என ஒரு குடும்பமே அங்குப் போய்த் தங்கிற்று.

அந்த இலையுதிர் காலத்தில் நடந்தவற்றை அவரே உரையாடல் நூல்களாக எழுதி வைத்திருக்கிறார். வெயில் இருந்தால் புல்வெளியில் மரத்தடியில் உட்கார்ந்து பேசுவார்கள். மழை என்றால் குளியல் கூடத்தில். சில நாள்களில் பண்ணை வேலைகளைப் பார்ப்பதிலேயே பொழுது கழிந்தது. வாசலுக்கு முன்னால் சேவல்கள் சண்டையிட்டதைப் பார்த்து, உலகின் ஒழுங்கைப் பற்றிய ஆய்வு ஒன்றே பிறந்தது. மாணவன் லிசென்சியுசு திருப்பாடல் ஒன்றைக் கழிப்பிடத்தில் உரக்கப் பாடி மோனிக்கா அம்மையாரிடம் திட்டு வாங்கினான். புனிதருக்கே பல்வலி வந்து பேச முடியாமல் போக, தமக்காக மன்றாடும்படி மெழுகுப் பலகையில் எழுதிக் காட்டினார். நவம்பர் 13 அவர் பிறந்த நாள். எளிய விருந்துக்குப் பின், மூன்று நாள் தொடர்ந்து பேரின்ப வாழ்வு எது என்று உரையாடினார்கள். இன்றைய சொல்வழக்கில் சொன்னால், தங்கும் தியானமும் பிறந்தநாள் விழாவும் ஒரே பண்ணை வீட்டில் நடந்தன. 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் அம்புரோசியாரின் கையால் அகுஸ்தினார் திருமுழுக்குப் பெற்றார்.

இதைப் படித்து முடித்ததும் பெரியவரிடம் எடுத்துச் செல்லப் புத்தகத்தில் அடையாளம் வைத்தேன். பிறகுதான் ஒரு சிறு வரி உறுத்தியது. உரையாடல் ஒன்றின் நடுவில், வீட்டிலிருந்து ஒரு சிறுவன் ஓடிவந்து, சாப்பாட்டு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டுப் போகிறான். உரையாடலில் கலந்துகொண்டவர்கள் எல்லாருக்கும் பெயர் உண்டு. அந்தச் சிறுவனுக்குப் பெயர் இல்லை. திராட்சை பறித்தவர்கள், மாடு கட்டியவர்கள், குளியல் கூடத்துக்கு வெந்நீர் போட்டவர்கள் ஆகியோரும் அப்படியே. பேரின்பத்தைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்கப்படவில்லை. அகுஸ்தினார் மீது குற்றம் சுமத்த இதைச் சொல்லவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து பாயசம் குடித்தவனுக்கு அந்த உரிமை கிடையாது. சில ஆண்டுகளில் அவரே தாகஸ்தே ஊரிலிருந்த தம் பூர்வீக நிலத்தைத் துறந்து பொது வாழ்வுக்கு வந்தார். ஹிப்போவின் ஆயர் வலேரியுசு கொடுத்த தோட்டத்தில், 391-க்குப் பின், உடைமை எதையும் தனதென்று வைத்துக்கொள்ளாத துறவியரோடு ஒரே பந்தியில் உண்டார். கசிசியாக்கத்தில் தொடங்கியது அங்கேதான் முழுமை பெற்றது என்று எனக்குப் படுகிறது.

அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, கிழக்கே, இன்றைய துருக்கி நாட்டின் வடபகுதியில், ஈரிசு ஆற்றங்கரையில் ஒரு பெருங்குடும்பத்துப் பண்ணை இருந்தது. இடத்தின் பெயர் அன்னிசா. புனித பெரிய பேசிலியார், நிசா நகர் கிரகோரியார், செபஸ்தே ஆயரான பேதுரு ஆகிய மூன்று ஆயர்களைப் பெற்ற குடும்பம் அது. சொத்து மூன்று மாநிலங்களில் பரவிக் கிடந்ததால், விதவைத் தாய் எமீலியா மூன்று ஆளுநர்களுக்கு வரி செலுத்தினாராம். மூத்த மகள் மக்ரீனாவுக்குப் பன்னிரண்டு வயதில் மணம் பேசினார்கள், மணமகன் இறந்துபோனார். வேறு மணம் வேண்டாமென்று தாயோடு இருந்துவிட்டார். இவரைப் பற்றித் தம்பி கிரகோரியார் எழுதிய வாழ்க்கை வரலாறு, பெண் ஒருவரைப் பற்றித் தந்தையர் காலத்தில் எழுதப்பட்ட நூல்களுள் தலைசிறந்தது என்பேன். குருமடத்தில் எங்களுக்குப் பேசிலியாரின் ஒழுங்குகளைக் கற்பித்தார்கள்; அக்காவைப் பற்றி ஒரு வகுப்பும் இல்லை. இது என் பழைய வருத்தம்.

அன்னிசா பண்ணை துறவில்லமான கதையைத் தம்பியர் வாயிலாக அறிந்தால் சிரிப்பு வரும். ஏறக்குறைய 358-இல் பேசிலியார் ஆற்றுக்கு அப்புறம் ஓர் ஒதுக்கிடம் அமைத்துக்கொண்டு, மலை, அருவி, காடு, அமைதி என்றெல்லாம் வருணித்து நண்பர் நசியான்சு கிரகோரியாரை அழைத்தார். வந்து பார்த்த நண்பர் எழுதிய மடல்கள் நம் கைக்குக் கிடைத்திருக்கின்றன. தோட்டம் என்று பெயர், காய்கறி ஒன்றும் இல்லை; மலைபோல் குவிந்த எருவை அள்ளிப் போட்டோம்; வண்டியை மாட்டுக்குப் பதிலாக நாமே இழுத்தோம், கழுத்திலும் கையிலும் தழும்பு இன்னும் இருக்கிறது என்று கேலி செய்கிறார். அடுத்த மடலிலேயே, அந்த நாள்கள் திரும்ப வராதா என்று ஏங்குகிறார். தாம் நட்டு, பேசிலியார் நீரூற்றிய ஒரு மரத்தை நினைவுகூர்கிறார். எரு சுமந்து தழும்பேறிய இவ்விருவரும் பின்னாளில் ஆயர்களாகித் தமத்திரித்துவ நம்பிக்கையைக் காத்தார்கள்.

ஆனால் அக்கா செய்தது இதைவிடப் பெரியது. பண்ணையை ஓய்விடமாக்குவதற்கு முன் அவர் பந்தியை மாற்றினார். தாயை இணங்கவைத்து, வீட்டிலிருந்த பணிப்பெண்களையும் அடிமைகளையும் உடன்பிறந்த சகோதரிகளாக ஏற்கச் செய்தார். ஒரே மேசை, ஒரே உணவு, ஒரே வகைப் படுக்கை. மாநிலத்துக்கு மாநிலம் நிலம் வைத்திருந்த வீட்டின் மூத்த மகள் தாய்க்குத் தன் கையால் அப்பம் சுட்டார். 369-ஐ ஒட்டி அப்பகுதியைக் கொடும் பஞ்சம் வாட்டியபோது, தம்பி பேதுருவின் முயற்சியால் உணவு தேடி வந்த மக்கள் கூட்டத்தால் அந்த ஒதுக்கிடம் நகரம் போலக் காணப்பட்டது. வழியோரம் கிடந்த பெண் குழந்தைகளை மக்ரீனா எடுத்து வளர்த்தார். 379-இல் அவர் இறந்தபோது அவரைத் தாயென அழுதவர்களுள் அக்குழந்தைகளும் இருந்தார்கள். அடக்கத்துக்கு உடுத்தத் தகுந்த உடை ஏதேனும் இருக்கிறதா என்று தம்பி தேடினார், ஒன்றும் இல்லை. தாயின் பழைய கருநிற மேலாடையைப் போர்த்தினார்கள்.

விழாவும் நடந்தது அந்தப் பண்ணையில். நாற்பது மறைச்சாட்சியரின் திருப்பண்டங்களை எமீலியா அங்கே நிறுவி, இரவு முழுவதும் விழித்திருக்கும் விழா எடுத்தார். இளைஞனாயிருந்த கிரகோரியாருக்கு வர மனமில்லை. வேறு அலுவல் இருந்தது. தாய் கூப்பிட்டதால் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். உள்ளே திருப்பாடல்கள் ஒலித்தன. இவர் தோட்டத்தில் படுத்து உறங்கிவிட்டார். கனவில், அவர் உள்ளே நுழைய முயலும்போது படைவீரர்கள் பலர் வாயிலில் நின்று கம்பை ஓங்கித் தடுத்தார்கள். ஒருவர் மட்டும் பரிந்து பேசி விடுவித்தார். விழித்தெழுந்து, திருப்பண்டப் பேழையருகே அழுதார். இதைப் பிற்காலத்தில் தம் மறையுரையில் அவரே வெளிப்படையாகச் சொல்கிறார். அதே கிரகோரியார்தான் சபை உரையாளர் நூலுக்கு விளக்கம் சொல்லும்போது, மனிதன் மனிதனை விலைக்கு வாங்கி உடைமையாக்குவதே கடவுளுக்கு எதிரான குற்றம் என்று முழங்கினார். அடிமைகளை நன்றாக நடத்துங்கள் என்று சொன்னவர்கள் அக்காலத்தில் பலர். அடிமை வைத்திருப்பதையே இவ்வளவு கடுமையாகக் கண்டித்தவர் அவரைப்போல் வேறொருவரைக் காண்பது அரிது. அக்காவின் பந்தியை நேரில் கண்டவர் அவர் என்ற நினைவோடுதான் அந்த உரையை நான் படிக்கிறேன்.

புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்கில், வரும் விருந்தினரைக் கிறித்துவாகவே ஏற்கச் சொன்னார். தம் கை உழைப்பால் உண்ணும்போதுதான் துறவியர் உண்மைத் துறவியர் என்றும் சொன்னார். நீரும் ஆலையும் தோட்டமும் மடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றார். மேற்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக ஓய்வும் வேளாண்மையும் ஒரே மதிலுக்குள் வாழ்ந்தது இவ்வொழுங்கினால்தான். அதன் நீண்ட வரலாறு இங்கு வேண்டியதில்லை. அந்த மரபின் ஒரு கிளை நம் நாட்டுக்கு வந்து சேர்ந்ததைச் சொல்ல வேண்டும். வந்து சேர்ந்த இடம் கொங்கு நாட்டின் கிழக்கு எல்லையென நம் முன்னோர் குறித்த குளித்தலை.

குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரை மாந்தோப்பு ஒன்றில், 1950 மார்ச் 21, புனித ஆசீர்வாதப்பர் திருநாளன்று, பிரெஞ்சுக் குரு யூல் மோன்ஷனினும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஆன்றி லெ சோவும் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்பது அத்தோப்புக்கு அவர்கள் இட்ட பெயர். அனுமதி தந்தவர் திருச்சி ஆயர் மென்டோன்சா. காவி உடுத்து, தரையில் அமர்ந்து, மரக்கறி உண்டு, இந்நாட்டுத் துறவியரைப்போல் வாழ்ந்தார்கள். யாரும் வந்து சேரவில்லை. மாந்தோப்பில் இருவர் காத்திருந்தார்கள் என்பதே அந்த முதல் ஆண்டுகளின் வரலாறு. மோன்ஷனின் 1957-இல் பாரிசில் இறந்தார். லெ சோ, அதாவது சுவாமி அபிஷிக்தானந்தர், வடக்கே இமயத்துக்குப் போனார். 1973-இல் இந்தூரில் மறைந்தார். 1968-இல் கேரளத்தின் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து ஆங்கிலத் துறவி பீட் கிரிஃபித்ஸ் இரு துறவியரோடு வந்து பொறுப்பேற்றார். குரிசுமலையோ 1958 முதல் வாகமண் மலைப்புல்வெளியில் பால்மாட்டுப் பண்ணை நடத்தி, சுற்றியிருந்த ஏழைக் குடும்பங்களையும் அத்தொழிலில் நிலைநிறுத்திய மடம். அந்தப் பழக்கத்தோடு வந்தவர்கள் சாந்திவனத்தில் தியானக் குடில்களோடு மாட்டுத் தொழுவத்தையும் தென்னையையும் வளர்த்தார்கள். உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்தார்கள். பீட் அடிகள் 1993 மே 13-இல் தம் குடிலில் இறந்தார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமல் போவது நேர்மையன்று. சாந்திவனத்தைப் பற்றி நம்மிடையே அன்றும் இன்றும் இரு கருத்துகள் உண்டு. வடமொழி மரபையும் உபநிடதங்களையும் அணைத்துக்கொண்ட அளவுக்கு, அந்த மரபின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களை அது அணைத்ததா என்று தலித் கிறித்தவ இறையியலாளர் கேட்டார்கள். கேட்டது நியாயமே. தியானம் செய்வோரின் வரிசையில் யார் அமர்ந்தார்கள், தொழுவத்தில் யார் நின்றார்கள் என்பதுதான் அந்தக் கேள்வியின் சாரம். அன்னிசாவில் மக்ரீனா விடை கண்ட கேள்வியும் அதுவே.

நம் கருமத்தம்பட்டிக்கு இக்கேள்வி புதிதா? இன்று பசிலிக்காவாகத் திகழும் செபமாலை அன்னையின் இந்தத் தலத்தில்தான் 1846 அக்டோபர் 4 அன்று மரியோன் பிரேசியாக் ஆண்டகை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். திருநிலைப்படுத்தியவர் புதுச்சேரியின் பொன்னான் ஆண்டகை. கோவை மறைமாவட்டத்தின் வரலாறு நகரத்தில் அன்று, தோட்டங்களும் மேய்ச்சல் காடுகளும் சூழ்ந்த இச்சிற்றூரின் பெருவிழாவில் தொடங்கிற்று என்று நாம் பெருமைப்படுவதுண்டு. அந்த ஆயர் இந்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டுமென்று ஓயாமல் வலியுறுத்தியவர். மலபார் வழக்கங்கள் எனப்பட்ட, சாதியோடு ஒட்டிய நடைமுறைகளை எவ்வளவுக்குப் பொறுத்துக்கொள்வது என்ற மனச்சான்றுப் போராட்டம் அவரை வாட்டியது. 1855-இல் அவர் பதவி விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். பின்னர் 1856-இல் லியோனில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவி, 1859-இல் ஃப்ரீடவுனில் கொள்ளைநோயில் இறந்தார். இங்கே விடை காணாத கேள்வியோடுதான் அவர் கப்பல் ஏறினார் என்று நினைக்கிறேன். தெற்கே வடக்கன்குளம் ஆலயத்தில் மக்களைச் சாதிவாரியாகப் பிரித்து நின்ற தடுப்பு 1910-இல் அகற்றப்பட்டது. கோயிலுக்குள் தடுப்பை எடுக்க அவ்வளவு காலம் ஆயிற்று. கோயிலுக்கு வெளியே, விருந்துக் கூடத்தின் பின்கட்டில், தடுப்பு இல்லாமலேயே அது நிற்கிறது.

நற்செய்தியில் இதற்கு ஒரு காட்சி உண்டு. திருத்தூதர்கள் களைத்துத் திரும்பியபோது, தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்க ஆண்டவர் அழைத்துச் செல்கிறார். திருச்சபையின் முதல் ஒடுக்கம் என்றே மாற்கு நற்செய்தியின் அந்த ஆறாம் அதிகாரத்தைச் சொல்லலாம். நம் முன்னோர் தியானத்தை 'ஞான ஒடுக்கம்' என்றார்கள். நல்ல சொல், கைவிட்டுவிட்டோம். ஆனால் அன்று மக்கள் கால்நடையாகவே முந்திக்கொண்டு அங்கே வந்துவிட்டார்கள். ஓய்வு கலைந்தது, ஒடுக்கம் விருந்தாயிற்று. ஐயாயிரம் பேரும் பசும்புல் தரையில், நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் அமர்ந்தார்கள். பந்திக்குப் பின்கட்டு இருந்ததாக நற்செய்தியாளர் எழுதவில்லை.

இரண்டு மாதங்கள் கழித்து அந்தப் பெரியவரைத் தோட்டத்திலேயே சந்தித்தேன். அகுஸ்தினாரையும் மக்ரீனாவையும் சொன்னேன். மக்ரீனாவைக் கேட்டதும் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நானும் அவனும் ஒரே வயசுங்க சாமி. அவன் கவலை ஓட்டுவான், நான் வாய்க்கால்ல மடை திருப்புவன். கெணத்துல ஒண்ணா நீந்துவம். திண்ணையில மட்டும் ஒண்ணா உக்காந்ததில்லீங்க" என்றார். இதைச் சொல்ல அவருக்கு எழுபது ஆண்டுகள் ஆயிற்று. எனக்கோ, கேட்பதற்கு இரண்டு மாதங்கள் ஆயிற்று. மக்ரீனா பேசியது தாயிடம், அவர் உள்ளம் கனிந்திருந்த வேளையில். நான் பேச வேண்டியது பெரியவரின் மக்களிடம். இடத்தை நடத்துகிறவர்கள் அவர்கள்தாம், முன்பதிவு செய்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சமும் அவர்களுக்குத்தான்.

வரும் செபமாலை மாதத்தில் அங்கே மூன்று நாள் தியானம் நடத்தித் தரும்படி ஒரு செபக் குழுவினர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். வருகிறேன் என்றேன். முதல் நாள் காலை அமர்வைக் கிணற்றங்கரையில் வைத்துக்கொள்ள விரும்புவதாகவும், கவலை ஓட்டியவர் வந்து அந்தச் சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றும், அன்று நண்பகல் அவரும் அவர் மனைவியும் எனக்கு இருபுறமும் இலை போட்டு அமர வேண்டும் என்றும் மூத்த மகனுக்குச் சொல்லியனுப்பினேன். கிணற்றங்கரைக்குப் பந்தல் போட்டுத் தருவதாகப் பதில் வந்தது. பந்தியைப் பற்றி இன்னும் ஒன்றும் வரவில்லை.